பாட்டுப் பகையும் கொல்லிமலையும்

முன்னுரை

இன்றைய மாணவர் செவியில் மிகுதியாக ஒலிக்கும் இசைவடிவங்களுள் ஒன்று ராப். தாளத்திற்கேற்பச் சொற்களை விரைந்து அடுக்கிச் சொல்லும் இப்பாட்டு, 1970-களில் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில் எளிய மக்களிடையே வளர்ந்தது. பாடகர் இருவர் ஒருவரையொருவர் பழித்துப் பாடிப் போட்டியிடுவது இதன் வழக்கங்களுள் ஒன்றாகும். வென்றவர் யார் என்று நண்பர்கள் விடுதியில் நள்ளிரவுவரை வாதிடக் கேட்டிருக்கிறேன். இஃது அயல்நாட்டார் விட்டெறிந்த குப்பை என்று பெரியோர் சிலர் முகம் சுளிப்பதையும் கண்டிருக்கிறேன். பாட்டால் பகைத்துக்கொள்வது தமிழர்க்குப் புதிதன்று. அப்பகைக்கு எல்லை வகுத்ததே நம் மரபின் சிறப்பு. இதனை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இரு பாடகர்

2018-ஆம் ஆண்டில் இந்தி ராப் உலகில் ஒரு பூசல் எழுந்தது. எமிவே பண்டாய் மும்பையில் வளர்ந்தவர். பெரிய இசை நிறுவனங்களின் துணையின்றித் தம் பாட்டுகளைத் தாமே வெளியிட்டுப் பெயர் பெற்றவர். அவரைப் பற்றி, முன்னரே புகழ்பெற்றிருந்த ரஃப்தார் பேட்டி ஒன்றில் கூறிய சொல் அவர் மனத்தைச் சுட்டது. எமிவே பாட்டால் சாடினார். ரஃப்தார் பாட்டாலேயே விடையிறுத்தார். எமிவே மீண்டும் பாடினார். கேட்போர் இரு கட்சியாயினர். எவர் வென்றார் என்பது ஒருபுறம் இருக்க, சொல்லுக்குச் சொல்லே கருவியாயிற்று என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

தமிழ் மரபு

நம் இலக்கணிகள் கவியை ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என நான்காக வகுத்தனர். கொடுத்த பொருளில் அந்த நொடியிலேயே பாடுவது ஆசுகவி. அதில் வல்லவரான காளமேகப் புலவர், திருமலைராயன் அவையில் அதிமதுர கவிராயரோடு மோதிய கதையை நாம் அறிவோம். வில்லிபுத்தூரார் வாதில் தோற்றவர் காதைத் துறட்டியால் அறுத்து வந்தார் என்றும், கந்தரந்தாதி பாடி அவரை வென்ற அருணகிரிநாதர் அவர் காதை அறுக்காது விடுத்து, அக்கொடிய வழக்கத்தையே ஒழித்தார் என்றும் ஒரு வழக்கு உண்டு. இது வரலாறாயினும் கதையாயினும், தோற்றவனைத் தண்டியாமல் விடுவதே வெற்றியின் நிறைவு என்னும் கருத்தைத் தமிழர் போற்றினர் என்பதற்குச் சான்றாகும்.

புலவர் அவையில் மட்டுமன்றி ஊர்ப் பொதுவிலும் இம்மரபு வாழ்ந்தது. தஞ்சையில் 1676 முதல் 1855 வரை நிலவிய மராட்டியர் ஆட்சியோடு தொடர்புடையது இலாவணி. மாசித் திங்களில் காமன் பண்டிகையின்போது பாடகர் இரு கட்சியாய் அமர்வர். சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் காமன் எரிந்தான் என்பது எரிந்த கட்சி. எரியவில்லை என்பது எரியாத கட்சி. டேப்பு முழங்க, ஒருவர் புராணத்திலிருந்து வினாத் தொடுப்பார். மற்றவர் பாட்டிலேயே விடை கூறி எதிர்வினா விடுப்பார். இடையிடையே ஏளனமும் வசையும் கலக்கும். எனினும் மேடை ஒன்று. கேட்கும் ஊரும் ஒன்று. விடை தெரியாமல் வெறும் வசை பாடுபவரை ஊரார் மதியார். எதிர்க்கட்சி இல்லையேல் தன் கட்சியும் இல்லை என்பதை இரு சாராரும் நன்கு அறிவர்.

எல்லை கடந்தால்

ராப் மரபிலும் இத்தகைய நேர்மேடை இருந்தது. 1981-இல் நியூயார்க்கின் ஹார்லெம் வேர்ல்ட் அரங்கில் பிசி பீ என்பவரைக் கூல் மோ டீ சொல்வன்மையால் மடக்கியது இன்றும் பேசப்படுகிறது. பின்னர் நிலை மாறியது. 1996-இல் டூபாக் ஷகூர், நோட்டோரியஸ் பி.ஐ.ஜி. என்னும் பாடகரைக் கடுமையாகத் தாக்கிப் பாடினார். அவ்வாண்டு செப்டம்பரில் டூபாக் லாஸ் வேகாஸ் நகரில் சுடப்பட்டு இறந்தார். 1997 மார்ச்சில் மற்றவரும் லாஸ் ஏஞ்சல்ஸில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒருவர்க்கு வயது 25, மற்றவர்க்கு 24. கொலைகளுக்குப் பாட்டே காரணம் என்று துணிதல் தகாது. ஆயினும் இருவரைச் சூழ்ந்த பகை பாட்டின் எல்லைக்குள் அடங்கவில்லை என்பது தெளிவு.

கொல்லிமலை காட்டும் வழி

இவ்விடத்தில் நம் நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை எண்ணிப் பார்க்கலாம். இம்மலையை ஆண்ட வல்வில் ஓரியை முள்ளூர் மன்னன் காரி கொன்று, மலையைச் சேரர்க்கு அளித்தான் என்று அகநானூற்றில் கல்லாடனார் குறிப்பிடுகிறார். ஓரியை வன்பரணரும் காரியைக் கபிலரும் புறநானூற்றில் பாடியுள்ளனர். மன்னர் இருவரும் தீராப் பகைவர். ஆனால் சிறுபாணாற்றுப்படை இயற்றிய நல்லூர் நத்தத்தனார், கடையெழு வள்ளல்களை வரிசைப்படுத்தும்போது இருவரையும் ஒரே வரிசையில் வைக்கிறார். அவர்கள் பொருத போரை மறைக்கவும் இல்லை. அதனால் எவர் கொடையையும் குறைக்கவும் இல்லை. வாள் ஒருவனை வீழ்த்தியது. பாட்டோ இருவரையும் வாழவைத்தது. செம்மேட்டில் ஆண்டுதோறும் அரசு எடுக்கும் விழா, தோற்ற ஓரிக்கே!

முடிவுரை

ஆகவே, ராப் பாடும் மாணவரை இகழ வேண்டுவதில்லை; அவர் கையாள்வது ஆசுகவியின் புதுவடிவமே. ஆனால் பாடுவோர் சாதியையும் தாயையும் பிறப்பையும் இழுத்து வசைபாடுவாராயின், அது சொல்வன்மை இன்மையையே காட்டும். கேட்கும் நமக்கும் கடமை உண்டு. பகையை மூட்டிவிட்டு வேடிக்கை பார்க்கும் கூட்டமாகாமல், நல்ல சொல்லைத் தேர்ந்து பாராட்டும் அவையாக நாம் அமர்தல் வேண்டும். அவை நன்றாயின் பாட்டும் நன்றாகும். பாடிய இருவரும் வாழ்வர்.