பேசாத பிள்ளையோடு பேசுவது எப்படி?



"கூப்பிட்டா திரும்பிப் பார்க்க மாட்டேங்குறான். மூணு வயசாச்சு, இன்னும் அம்மான்னு சொல்லலை. எந்நேரமும் ஒரு மூடியைச் சுத்திக்கிட்டே உட்கார்ந்திருக்கான்." இப்படிச் சொல்லி வருந்துகிற தாய்மார்கள் நம் குழுக்களிலும் இருக்கிறார்கள். சிலர் ஊர் வாய்க்குப் பயந்து கூட்டத்துக்கு வருவதையே குறைத்துக் கொண்டார்கள். அந்தப் பிள்ளைக்கு இருப்பது ஆட்டிசமாக இருக்கலாம். மதியிறுக்கம் என்றும் சொல்வார்கள்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி விடுவோம். இது சாமி குத்தம் இல்லை. தொற்றுநோய் இல்லை. தடுப்பூசியால் வருவதும் இல்லை. மூளை வளர்கிற விதத்தில் பிறப்புக்கு முன்பே தொடங்கும் வேறுபாடு இது. தாய் சரியாக வளர்க்காததால் வந்தது என்பது சுத்தப் பொய். இந்தப் பொய்யை நம் மாமியார்கள் மட்டும் சொல்லவில்லை! அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 1943-ல் இப்படிப்பட்ட 11 பிள்ளைகளைப் பற்றி எழுதினார். அதன் பிறகு பல ஆண்டுகள், தாய் பாசம் காட்டாததுதான் காரணம் என்று பெரிய படிப்பு படித்தவர்களே பேசினார்கள். அது தவறு என்று 1964-ல் பெர்னார்ட் ரிம்லாந்து என்ற உளவியலாளர் புத்தகம் எழுதி வாதாடினார். அவர் மகனுக்கும் ஆட்டிசம் இருந்தது.

சரி, இந்தப் பிள்ளைகளுக்கு எது கஷ்டம்? 1985-ல் லண்டனில் ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு பொம்மைகள், சாலி, ஆன் என்று பெயர். சாலி ஒரு கோலிக்குண்டைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறாள். அவள் இல்லாதபோது ஆன் அதை எடுத்துப் பெட்டியில் போடுகிறாள். சாலி திரும்பி வந்தால் கோலியை எங்கே தேடுவாள்? கூடையில்தானே! ஆட்டிசம் உள்ள 20 பிள்ளைகளில் 16 பேர் பெட்டியைக் காட்டினார்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ள 14 பிள்ளைகளில் 12 பேர் கூடையைச் சரியாகக் காட்டினார்கள். அப்படியானால் இது வெறும் புத்திக் குறைவு இல்லை. கோலி இருக்கும் இடம் பிள்ளைக்குத் தெரிகிறது. அடுத்தவர் மனதில் என்ன இருக்கிறது என்று ஊகிப்பதுதான் சிரமம். நான்கு பேர் சரியாகச் சொன்னார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். எல்லாப் பிள்ளைகளும் ஒன்று போல இருப்பதில்லை.

அடுத்தவர் மனதை ஊகிக்கிற திறமைக்கு ஆரம்பம் மிகச் சின்ன வயதில் இருக்கிறது. நிலாவைக் காட்டினால் குழந்தை நிலாவைப் பார்க்கும், பிறகு நம் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும். ஒரே பொருளை இரண்டு பேர் சேர்ந்து கவனிப்பது அது. ஆட்டிசத்தில் இது தானாக வருவது குறைவு. பயிற்சிகள் பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கின்றன.

நாம் முக்கியமாகச் சொல்ல வந்த ஆராய்ச்சி கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்தது. 2 முதல் 9 வயது வரை 65 பிள்ளைகள். பயிற்சி கொடுத்தவர்கள் சிறப்பு மருத்துவர்கள் அல்ல, சொல்லிக் கொடுத்துப் பழக்கப்படுத்திய சாதாரண சுகாதாரப் பணியாளர்கள். ஆறு மாதத்தில் 12 முறை பெற்றோரைச் சந்தித்தார்கள். பிள்ளையோடு விளையாடுவதை வீடியோ எடுத்து, பெற்றோரோடு உட்கார்ந்து பார்த்து, "இந்த இடத்தில் அவன் உங்களைப் பார்த்தான், கவனிச்சீங்களா?" என்கிற மாதிரி பேசினார்கள். முடிவு 2016-ல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. பயிற்சி பெற்ற பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு இசைந்து பேசினார்கள். பிள்ளைகளும் தாமாக முன்வந்து பெற்றோரிடம் தொடர்பு கொள்வது கூடியது. ஆனால் இருவரும் சேர்ந்து ஒன்றைக் கவனிக்கும் நேரம் கூடவில்லை, குறைந்தே இருந்தது. ஆகவே இது மந்திரம் இல்லை. ஆனாலும் நகரத்து நிபுணர் கிடைக்காத இடத்திலும் செய்யக் கூடிய வேலை இருக்கிறது என்று தெரிந்ததே, அதுதான் நமக்குப் பெரிய சேதி.

வீட்டில் எப்படிச் செய்வது? பிள்ளை மூடியைச் சுற்றுகிறான் என்று வையுங்கள். நாம் என்ன செய்வோம்? மூடியைப் பிடுங்கி, முகத்தைத் திருப்பி, "இங்க பாரு, இது என்ன கலர், சொல்லு சொல்லு" என்போம். அதை விடுங்கள். அவன் எதிரே தரையில், அவன் முகத்துக்கு நேராக உட்காருங்கள். நீங்களும் ஒரு மூடியை எடுத்துச் சுற்றுங்கள். "சுத்துது" என்று ஒரே சொல் சொல்லுங்கள். பிறகு பேசாமல் காத்திருங்கள், மனசுக்குள் பத்து வரை எண்ணுங்கள். இந்தக் காத்திருப்புதான் ரொம்பக் கஷ்டம். அவன் ஒரு பார்வை பார்த்தாலும், 'ம்' என்றாலும், அதைப் பேச்சாகவே எடுத்துக் கொண்டு உடனே பதில் கொடுங்கள். உங்கள் கையைப் பிடித்துக் குடத்தருகே இழுத்தால் "தண்ணி" என்று சொல்லிக் கொண்டே கொடுங்கள். 'சொன்னாத்தான் தருவேன்' என்று அழ விடாதீர்கள். முதலில் தினம் பத்து நிமிடம் போதும்.

அக்கா, அண்ணன்மாரையும் சேர்த்துக் கொள்ளலாம். பந்தை உருட்டி "உன் முறை, என் முறை" என்று விளையாடுவது நல்ல பழக்கம். மிக்ஸி சத்தத்துக்கோ மேளத்துக்கோ காதைப் பொத்தினால் அது அடம் இல்லை. அந்தச் சத்தம் அவனுக்கு நமக்குத் தெரிவதை விட அதிகமாகத் தெரியலாம். கொஞ்சம் தள்ளிக் கூட்டிப் போங்கள்.

ஒரு வயது தாண்டியும் பேர் சொன்னால் திரும்பாவிட்டால், ஒன்றரை வயதில் விரல் நீட்டிக் காட்டாவிட்டால், பேசிய சொற்களும் நின்று போனால், "ஆம்பளைப் பிள்ளை லேட்டாத்தான் பேசுவான்" என்று காத்திருக்க வேண்டாம். அங்கன்வாடிப் பணியாளரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ சொல்லி, மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனையில் உள்ள ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்குப் போங்கள். காது கேட்கும் திறனையும் கட்டாயம் சோதிக்கச் சொல்லுங்கள். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது. அதற்குச் சான்றிதழ் வாங்கலாம். பிள்ளையைச் சேர்க்க மாட்டோம் என்று அரசுப் பள்ளி சொல்லக் கூடாது.

ஆட்டிசத்தை அடியோடு மாற்றுகிற மருந்து இன்று வரை இல்லை. வலிப்பு, தூக்கமின்மை போன்றவை கூடவே இருந்தால் மருத்துவர் மருந்து தருவார், அது வேறு. 'மூணு மாசத்துல குணமாக்குறேன்' என்று முன்பணம் கேட்பவரை நம்பி உள்கடன் கேட்டு ஒரு சகோதரி வந்தால், மனுவை உடனே தள்ளி விடாமல் ஊக்குநர் அவரோடு உட்கார்ந்து பேசட்டும். பஸ் செலவுக்கும், மாதா மாதம் மையத்துக்குப் போகையில் இழக்கும் கூலிக்கும் அந்தக் கடன் உதவலாம். கூட்டத்துக்குப் பிள்ளையையும் கூட்டி வரச் சொல்லுங்கள். சேமிப்புக் கணக்கு எழுதுகிற நேரம் யாராவது ஒருவர் அவனோடு தரையில் உட்கார்ந்து மூடி சுற்றினால் போதும்.