கோபுரம் இல்லாத நிலையத்தில் குரலே கோபுரம்

மாணவர்களே! மதுரை விமான நிலையத்தில் உயரமான கட்டுப்பாட்டுக் கோபுரம் ஒன்று உண்டு. எந்த விமானம் முதலில் இறங்கலாம், எது காத்திருக்க வேண்டும் என்பதை அங்கிருந்துதான் விமானிகளுக்குச் சொல்கிறார்கள். ஆனால் கோபுரமே இல்லாத விமான நிலையங்களும் உலகில் ஏராளம். அமெரிக்காவில் பெரும்பாலானவை அத்தகையவையே. அங்கே யார் ஒழுங்கு செய்வது?

விமானிகள் தாமேதான்! அத்தகைய நிலையம் ஒவ்வொன்றுக்கும் ஒரு பொது அலைவெண் குறிக்கப்பட்டுள்ளது. அங்கு வரும் விமானிகள் அனைவரும் அந்த அலைவெண்ணில் தம் இருப்பிடத்தையும் நோக்கத்தையும் அறிவிப்பார்கள். பிறர் சொல்வதையும் கேட்பார்கள். நாம் பண்பலை ஒலிபரப்புக் கேட்பது 88 முதல் 108 மெகா ஹெர்ட்ஸ் வரை. அதற்குச் சற்று மேலே, 118 முதல் 137 மெகா ஹெர்ட்ஸ் வரை விமானப் பேச்சுக்கு உரியது.

இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் செல்பவை. பூமியின் வளைவு அவற்றை மறைத்துவிடும். விமானத்தின் உயரம் h மீட்டர் எனில், தரையிலுள்ள ஒருவருக்கு அதன் குரல் எட்டும் தொலைவு சுமார் 4.12√h கிலோமீட்டர். 3,600 மீட்டர் உயரத்தில் இது 247 கிலோமீட்டர். 100 மீட்டரில் 41 கிலோமீட்டர்தான். ஆகவே விமானம் தாழ இறங்கும்போது, தொலைவிலுள்ள கட்டுப்பாட்டாளருடன் தொடர்பு அறுந்துபோகலாம்.

மேகத்துக்குள் வெளியே எதுவும் தெரியாமல், கருவிகளை மட்டும் நம்பி இறங்கிவரும் விமானியை எண்ணிப் பாருங்கள். தொலைவிலுள்ள கட்டுப்பாட்டாளர் அவரை ஓரளவு வரை வழிநடத்திவிட்டு, பொது அலைவெண்ணுக்கு மாறும்படி சொல்லிவிடுவார். மேகத்தின் கீழே, கண்ணால் பார்த்துப் பறக்கும் சிறு விமானங்கள் இருக்கக்கூடும். அவை கட்டுப்பாட்டாளரின் கணக்கில் இல்லாமலும் இருக்கலாம்.

இனி ஒரு கற்பனை. மதுரையை அடுத்த ஆனையூரில் கோபுரமில்லாத ஓடுதளம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். கருவி விமானியின் வரைபடத்தில் ஒவ்வொரு திருப்புமுனைக்கும் ஒரு குறிப்பெயர் இருக்கும். அந்தப் பெயரை மட்டும் சொல்லி, "அதைக் கடந்துவிட்டேன்" என்று அவர் அறிவித்தால், கீழே பறக்கும் பயிற்சி மாணவருக்கு என்ன விளங்கும்? அந்த வரைபடமே அவரிடம் இராது! மாறாக, "ஆனையூருக்கு வடகிழக்கே, அழகர்மலைப் பக்கம், 10 கடல்மைல் தொலைவில், 3,000 அடி உயரத்தில் வருகிறேன், ஐந்து நிமிடத்தில் இறங்குவேன்" என்றால், மாணவர் உடனே அத்திசையில் கண்ணைத் திருப்புவார். பேசுபவருக்குத் தெரிந்த சொல் போதாது. கேட்பவருக்கு விளங்கும் சொல் வேண்டும்.

அதுவும் போதாது. யார் பேசுகிறார் என்பதும் தெளிவாக வேண்டும். 1996 நவம்பர் 19 அன்று அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்துக் குவின்சி விமான நிலையத்தில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே கோபுரம் இல்லை. இறங்கிக்கொண்டிருந்த பயணி விமானம், குறுக்கு ஓடுதளத்தில் நின்ற விமானத்தைப் பார்த்து, "காத்திருப்பீர்களா, புறப்படுவீர்களா?" என்ற பொருளில் வினவியது. அந்த விமானம் பதில் சொல்லவில்லை. அதன் பின்னால் நின்ற வேறொரு சிறு விமானம் தான் காத்திருப்பதாக அறிவித்தது. அதே நொடியில் பயணி விமானத்தின் உயர எச்சரிக்கைக் கருவி ஒலித்து, பதிலின் ஒரு பகுதியை மறைத்துவிட்டது. முன்னால் நிற்பவரே பதில் சொன்னார் என்று நம்பி அவர்கள் இறங்கினார்கள். முன்னால் நின்ற விமானமோ ஓடத் தொடங்கிவிட்டது. இரண்டும் ஓடுதளங்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் மோதின. இரு விமானங்களிலும் இருந்த 14 பேரும் இறந்தனர். புறப்பட்ட விமானத்தினர் பொது அலைவெண்ணைச் சரியாகக் கவனிக்கவோ, சுற்றிலும் பார்க்கவோ தவறியதே முதற்காரணம் என்று விசாரணை கண்டது.

இருவர் ஒரே நேரத்தில் பேசினால் என்ன ஆகும்? விமான வானொலியில் வீச்சுப் பண்பேற்ற முறை பயன்படுகிறது. இரு ஊர்தி அலைகளின் அலைவெண்கள் 1,000 ஹெர்ட்ஸ் வேறுபட்டால், கேட்பவருக்கு 1,000 ஹெர்ட்ஸ் சீழ்க்கை ஒலி கேட்கும். "இருவர் பேசுகிறார்கள், மீண்டும் சொல்லச் சொல்" என்பதற்கு அதுவே அறிகுறி. அதிர்வெண் பண்பேற்ற முறையில், அதாவது பண்பலையில், வலிய அலை மெலிந்த அலையை விழுங்கிவிடும். இருவர் பேசியதே தெரியாமல் போகும். ஆனால் பேசும் பொத்தானை அழுத்தியிருப்பவருக்கு அந்தச் சீழ்க்கையும் கேட்காது. ஆகவே முதலில் கேள், பிறகு சுருக்கமாகப் பேசு, மீண்டும் கேள். ஐயம் இருந்தால் இறங்காதே, மேலே ஏறிச் சுற்றி வா! வானொலியே இல்லாத விமானமும் வரக்கூடும் என்பதால், கண்ணுக்கும் ஓய்வு கிடையாது.

உங்களுக்கு ஒரு கணக்கு: 400 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்தின் குரல் தரையில் எவ்வளவு தொலைவு எட்டும்? (விடை: சுமார் 82 கிலோமீட்டர்.)