சக்கர மரையாணி முறிதல்: காரணமும் பரிகாரமும்

மாட்டுவண்டிச் சக்கரம் கழன்றுவிடாமல் காப்பது ஒரு கடையாணி. அது அச்சின் நுனியில் தடையாக நிற்கிறதேயன்றிச் சக்கரத்தை இறுக்கிப் பிடிப்பதில்லை. மோட்டார் வண்டிச் சக்கரத்தைக் குடத்தோடு பிணைக்கும் மரையாணிகளையும், அதாவது பட்டறை வழக்கில் ‘வீல் ஸ்டட்’ எனப்படுவனவற்றையும், இவ்வாறே கருதுவோர் பலர். ஐந்தில் ஒன்று முறிந்தாலும் நான்கு எஞ்சியுள்ளனவே என்னும் துணிவு இக்கருத்திலிருந்தே பிறக்கிறது. இத்துணிவு எதுவரை பொருந்தும், எங்கே பொருந்தாது என்பது ஆராயத்தக்கது.

கேரளத்தின் தென்கோடியிலுள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்திலேயே நின்றது. எல்லை பிரிந்ததேயன்றிப் போக்குவரத்துப் பிரியவில்லை. களியிக்காவிளையில் எல்லையைக் கடக்கும் பழைய நெடுஞ்சாலை இஞ்சிவிளை, பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை வழியாக நெய்யாற்றின்கரையை அடைகிறது. கருங்கல்லும் வாழைக்குலையும் ஏற்றிய லாரிகள், இரு மாநிலப் பேருந்துகள், சிறு கார்கள் ஆகிய யாவும் இச்சாலையில் நெருங்கிச் செல்கின்றன. தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகள் இரண்டும் இங்குப் பெய்கின்றன. இங்கு ஒரு காரின் சக்கர மரையாணி பாறசாலையில் முறிந்திருக்கக் கண்டால், ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நெய்யாற்றின்கரைவரை அதனை ஓட்டிச் செல்லலாமா?

விடை காணுமுன் மரையாணி செய்யும் வேலையை அறிதல் வேண்டும். வண்டியின் எடை ஆணிகளின் மேல் தொங்குவதாக எண்ணுவது பிழை. நட்டை முடுக்கும்போது ஆணி மிகச் சிறிதளவு நீளுகிறது. நீண்ட ஆணி வில்லைப்போல் சுருங்க முயன்று சக்கரத் தட்டைக் குடத்தின் முகத்தோடு அழுத்துகிறது. அவ்வழுத்தத்தால் இரு முகங்களுக்கிடையே எழும் உராய்வே எடையையும், பிரேக்கின் இழுப்பையும், வளைவின் பக்கத் தள்ளலையும் தாங்குகிறது. 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள காரின் மரையாணியை 100 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையில் முடுக்கினால், ஒவ்வோர் ஆணியும் ஏறத்தாழ 4 டன் எடைக்கு ஈடான விசையால் இறுக்குகிறது. ஐந்தும் சேர்ந்து 20 டன். உராய்வெண் 0.15 எனக் கொண்டால், சக்கரம் நழுவாமல் 3 டன் வரை தாங்கும். சிறு காரின் ஒரு சக்கரத்தின் மேலுள்ள எடையோ 300 அல்லது 400 கிலோகிராமே. ஓர் ஆணி போனபின்னும் கணக்கின்படி 2.4 டன் தாங்குதிறன் எஞ்சுகிறது.

கணக்கு இங்ஙனம் தைரியம் அளிப்பது உண்மையே. ஆயின் எஞ்சிய நான்கும் முழு இறுக்கத்தில் இருக்கின்றன என்னும் ஊகத்தின் மேல் நிற்பது இக்கணக்கு. முழு இறுக்கத்திலிருந்த ஆணி காரணமின்றி முறிவதில்லை. ஆகவே, எஞ்சியவை எத்தனை என்பதைக் காட்டிலும் முறிந்தது ஏன் முறிந்தது என்பதே முதன்மையான வினா.

உலோகம் ஒரே அடியில் முறிவதற்கும் பல்லாயிரம் சிறு வளைவுகளால் முறிவதற்கும் வேறுபாடு உண்டு. பின்னதை உலோகக் களைப்பு என்பர். 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிரஷ்யாவில் ரயில் அச்சுகள் முறிந்ததை ஆராய்ந்த ஆகஸ்ட் வூலர் இதனை முறையாக அளந்து காட்டினார். இறுக்கம் குறைந்த சக்கரத்தில் இக்களைப்பே நேர்கிறது. தட்டும் குடமும் ஒன்றன்மேல் ஒன்று சிறிது நழுவத் தொடங்கினால், சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வோர் ஆணியும் ஒருமுறை வளைந்து நிமிர்கிறது. காரின் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு 500 சுற்றுக்கு மேல் சுழல்வது. பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை சேர்வதற்குள் ஐயாயிரம் வளைவுகள் நேர்ந்துவிடும். அத்துடன், ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் விளக்கியபடி, இத்தகைய குறுக்கு நழுவல் நட்டைத் தானே கழலச் செய்யும். நழுவல் நட்டைத் தளர்த்துகிறது. தளர்ந்த நட்டு நழுவலை மிகுவிக்கிறது. ஓர் ஆணி முறிந்தவுடன் அதன் சுமை இருபுறமுள்ள அண்டை ஆணிகளின் மேல் ஏறுகிறது. அவையும் அதே களைப்பை முன்னரே பட்டவை.

இறுக்கம் குறைவதற்கு எளிய காரணங்களே பெரும்பாலும் உள்ளன. சக்கரத் தட்டுக்கும் குடத்துக்கும் இடையே துருவோ, பெயிண்டோ, மண்ணோ தங்கியிருந்தால், நட்டை முடுக்கும்போது இறுகியதுபோல் தோன்றும். வண்டி ஓடியபின் அப்படலம் நசுங்கி இறுக்கம் போய்விடும். இரு பருவமழை பெய்யும் நாட்டில் இது முதற்காரணம் எனலாம். தட்டின் துளைவாய் கூம்பாகவும் நட்டின் அடி உருண்டையாகவும் இருப்பது மற்றொரு காரணம். அலாய் சக்கரம் மாற்றியோர் பழைய நட்டையே பயன்படுத்தும்போது இது நேரும். மறுபுறம், மிகையாக முடுக்குதலும் ஆணியைக் கெடுக்கும். ஓரடி நீளச் சாவியின் நுனியில் 34 கிலோகிராம் எடையளவு அழுத்தினாலே 100 நியூட்டன் மீட்டர் கிடைத்துவிடுகிறது. சாவியின் மேல் ஏறி நின்று மிதிக்கும் வழக்கம் அதனை இருமடங்காக்குவது. பழைய லாரிகள் சிலவற்றில் இடப்பக்கச் சக்கரங்களுக்கு இடப்புரி மரை அமைந்திருக்கும். இதனை அறியாமல் கழற்ற முயல்வோர் உண்மையில் முடுக்கிக்கொண்டே போய் ஆணியை முறிப்பதும் உண்டு.

முறிந்த துண்டு கிடைத்தால் எறிந்துவிடலாகாது. முறிமுகத்தின் ஒரு பகுதி வழவழப்பாகவும், அதில் சிப்பியின் மேற்புறம் போன்ற வளைகோடுகளும், எஞ்சிய பகுதி சொரசொரப்பாகவும் இருந்தால் அது களைப்பினால் முறிந்தது. வழவழப்பான பகுதியில் துருவேறியிருந்தால் பிளவு நெடுநாட்களாக இருந்துவந்தது என்க. ஆணி கழுத்துப்போல் ஒடுங்கி முறிந்திருப்பின் மிகை முடுக்கமே காரணம். முதல் வகையில் அண்டை ஆணிகளை நம்புதல் தகாது.

இனி, சாலையில் செய்யவேண்டுவது. வண்டியைச் சமதளத்தில் ஓரமாக நிறுத்தி, எஞ்சிய நட்டுகளைச் சாவியால் சோதித்தல் வேண்டும். நட்டின் அடியிலிருந்து தட்டின்மேல் பரவும் துருக்கோடு, பளபளவெனத் தேய்ந்த துளைவாய், நீள்வட்டமான துளை ஆகியவை தளர்ச்சியின் அடையாளங்கள். ஸ்டெப்னியை மாட்டுவதால் பயனில்லை. முறிந்தது குடத்திலுள்ள ஆணியேயன்றிச் சக்கரமன்று. ஐந்து ஆணிகள் கொண்ட காரில் ஒன்றுமட்டும் முறிந்து, மற்ற நான்கு நட்டுகளும் அசையாமலிருந்து, மேற்கூறிய அடையாளம் ஒன்றும் இல்லையாயின், பயணிகளை இறக்கிவிட்டு மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மிகாமல், மிக அருகிலுள்ள பட்டறைவரை மட்டும் செல்லலாம். திருவனந்தபுரம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது தவறு. மாருதி 800 போன்ற நான்கு ஆணி வண்டியில் மூன்றுமட்டுமே எஞ்சுவதால் மெக்கானிக்கை வண்டி நிற்குமிடத்துக்கு அழைப்பதே நன்று. இரண்டு ஆணிகள் முறிந்திருந்தாலோ, நட்டு தளர்ந்திருந்தாலோ, ஸ்டியரிங்கில் அதிர்வும் சக்கரத்தில் ‘டக், டக்’ என்னும் ஓசையும் எழுந்தாலோ வண்டியை நகர்த்துதல் கூடாது.

சுமையேற்றிய லாரிக்கு இச்சலுகையும் இல்லை. டயருடன் கூடிய லாரிச் சக்கரம் ஏறத்தாழ 100 கிலோகிராம் எடையுள்ளது. அது கழன்று உருண்டால் லாரியிலிருப்போரைக் காட்டிலும், சாலையோரம் பேருந்துக்குக் காத்து நிற்போருக்கே பெருங்கேடு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் லாரிச் சக்கரங்கள் கழன்று உயிர்ச்சேதம் நேர்ந்தமையால், 1997-இல் சக்கரம் கழலுதலையே தண்டனைக்குரிய குற்றமாக்கி, 50,000 டாலர் வரை அபராதமும் விதித்தனர். தக்க கவனம் எடுத்துக்கொண்டோம் என்னும் எதிர்வாதம் அச்சட்டத்தில் செல்லாது.

பழுது நீக்கும் வேலை அரிதன்று. சக்கரத்தையும் பிரேக் டிரம்மையோ டிஸ்க்கையோ கழற்றியபின், முறிந்த ஆணி குடத்தின் பின்புறமாக வெளியேற்றப்படுகிறது. அடித்து வெளியேற்றுவதினும் பிரஸ்ஸில் வைத்து அழுத்துவது பேரிங்குக்கு நலம். புதிய ஆணி அதே விட்டமும், நீளமும், மரையும், வரிப்பல் அளவும், வலிமைத் தரமும் உடையதாக இருத்தல் வேண்டும். இங்கேதான் பெரும்பிழை நேர்கிறது. உரிய ஆணி கிடைக்காதபோது, லேத்தில் சாதாரண இரும்புக் கம்பியைக் கடைந்து ஒன்று செய்து தருமாறு கேட்பவர் உளர். செய்து தருபவரும் உளர். 10.9 எனத் தலையில் பொறித்த ஆணியின் இழுவலிமை சதுர மில்லிமீட்டருக்கு 1,000 நியூட்டன். சாதாரண எஃகுக் கம்பிக்கு அதில் பாதியும் இராது. மேலும், தொழிற்சாலையில் உருட்டி அமைத்த மரை, வெட்டி அமைத்த மரையினும் களைப்பை நன்கு தாங்கும். முறிந்த ஆணியைப் பற்றவைத்து மீண்டும் பயன்படுத்துவதும் அவ்வாறே தவிர்க்கத்தக்கது. பற்றவைக்கும் வெப்பம் எஃகின் பதத்தைக் கெடுத்துவிடும். புதிய ஆணி குடத்துளையில் இறுகப் பிடிக்காமல் சுழலுமாயின் குடத்தையே மாற்றவேண்டும்.

ஓர் ஆணி முறிந்திருந்தால் அதனுடன் இருபுற அண்டை ஆணிகளையும், ஒன்றுக்கு மேற்பட்டு முறிந்திருந்தால் அச்சக்கரத்தின் எல்லா ஆணிகளையும் மாற்றுவது பொறியாளர் கைக்கொள்ளும் வழக்கம். ஒன்றுக்குமட்டும் காசு வாங்கிக்கொண்டு வண்டியை அனுப்பும் பட்டறையைச் சிக்கனமானது எனக் கொள்ளலாகாது. மாற்றியபின் இரு முகங்களையும் கம்பித் தூரிகையால் துருநீங்கத் துடைத்து, தயாரிப்பாளர் சொல்லியிருந்தாலன்றி மரையில் எண்ணெய் இடாமல், நட்டுகளை எதிரெதிராக மாறிமாறி முடுக்கிவருதல் வேண்டும். எண்ணெயிட்ட மரையில் அதே முறுக்கு விசை ஆணியை மிகையாக நீட்டிவிடும். இறுதி முடுக்கத்தை டார்க் ரெஞ்சினால் அளந்து செய்தல் வேண்டும். புதிய இணைப்பு ஓட்டத்தில் சிறிது அமர்ந்து இறுக்கம் குறையுமாதலால், 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் ஒருமுறை அதே அளவுக்கு முடுக்கிப் பார்த்தல் வேண்டும். நெய்யாற்றின்கரையில் பழுதுபார்த்த வண்டி நாகர்கோவில் சென்று சேரும்போது இச்சோதனைக்கு உரிய தூரம் வந்திருக்கும்.