பதினொரு மணி நேரம் எங்கே காத்திருப்பது?

சென்னையிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கோ மெல்பர்னுக்கோ டிக்கெட் தேடிப் பாருங்கள். மலிவாக வருகிற பலவற்றில், வழியில் எங்கோ ஒன்பது, பதினொன்று, சில சமயம் பத்தொன்பது மணி நேரக் காத்திருப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். உடனே எழும் கேள்வி, எந்த ஏர்போர்ட் நல்லது என்பது. ஸ்கைட்ராக்ஸ் தரவரிசையைக் கேட்டால் 2023இல் சாங்கி, 2024இல் தோஹா, 2025இல் மறுபடி சாங்கி. கூட்டத்தைக் கேட்டால் அட்லாண்டா. ஆண்டுக்குப் பத்துக் கோடிப் பேருக்கு மேல் புழங்குகிற இடம், ஆனால் அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்க உள்நாட்டுப் பயணிகள். வெளிநாட்டுப் பயணிகளை மட்டும் எண்ணினால் துபாய். 2024இல் ஏறத்தாழ 9.2 கோடிப் பேர். இந்திய பாஸ்போர்ட்டோடு, இரவு இரண்டு மணிக்கு, முழங்கால் வலிக்காரரான அம்மாவை அழைத்துக்கொண்டு இறங்குகிறவருக்கு இந்தப் பட்டியல்களால் ஒரு பயனும் இல்லை. அவர் பார்க்க வேண்டியவை வேறு: டிக்கெட் ஒன்றா இரண்டா, அந்த ஊரின் கதவு அவருக்குத் திறக்குமா, எந்த நேரத்தில் இறங்குகிறார்.

டிக்கெட்டிலிருந்து தொடங்குவோம். முழுப் பயணமும் ஒரே முன்பதிவு எண்ணில் இருந்தால் பெட்டி பொதுவாகக் கடைசி ஊர்வரை தானே போய்விடும். முதல் விமானம் தாமதமாகி அடுத்தது தவறினாலும் மாற்று ஏற்பாடு செய்வது விமான நிறுவனத்தின் பொறுப்பு. இரண்டு தனித்தனி டிக்கெட்டாக வாங்கிச் சேர்த்திருந்தால் எல்லாம் உங்கள் தலையில். இடையில் இறங்கி, அந்த நாட்டின் குடிநுழைவைக் கடந்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அதற்கு விசா தேவைப்படும் நாடாக இருந்தால், சென்னை கவுண்டரிலேயே போர்டிங் பாஸ் தர மறுப்பார்கள். டிக்கெட் விற்கும் தளங்கள் 'செல்ஃப் டிரான்ஸ்ஃபர்' என்று சின்ன எழுத்தில் போடுவது இதைத்தான். பெட்டியே இல்லாமல் போகிறவருக்கும் விசா கையில் உள்ளவருக்கும் அது லாபம்தான். மற்றவர்கள் அந்த வரியைக் கண்டதும் அடுத்த தேர்வுக்குப் போய்விடுவது நல்லது.

அடுத்தது ஒரு கழித்தல் கணக்கு. லேஓவர், அதாவது இடைக் காத்திருப்பு, எட்டு மணி நேரம் என்றால் ஊர் பார்க்க எட்டு மணி நேரம் கிடைக்காது. விமானத்திலிருந்து இறங்கிக் குடிநுழைவைக் கடக்க ஒரு மணி, அடுத்த விமானத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பாகத் திரும்பியிருக்க வேண்டும், போக வர இரண்டு மணி. மிஞ்சுவது மூன்று. ஆறு மணி நேர லேஓவரில் வெளியே போகிறவர் டாக்சியைத்தான் சுற்றிப் பார்ப்பார். எட்டுக்குக் கீழே என்றால் உள்ளேயே இருங்கள், அதற்கேற்ற ஏர்போர்ட்டைத் தேர்ந்தெடுங்கள். பத்துக்கு மேலே என்றால் ஊருக்குள் விடும் ஏர்போர்ட்டைத் தேர்ந்தெடுங்கள். இந்த இரண்டும் ஒரே இடமாக அமைவது அரிது.

உள்ளேயே இருப்பதற்குச் சாங்கிதான். இதில் நான் விவாதத்துக்கே வரமாட்டேன். மூன்றாம் டெர்மினலில் வண்ணத்துப்பூச்சித் தோட்டம், இலவசத் திரையரங்கு, இரண்டாம் டெர்மினலில் சூரியகாந்தித் தோட்டம், கால் பிடித்துவிடும் இயந்திரங்கள், சாய்ந்து படுக்கும் நாற்காலிகள் என்று காசில்லாமலே ஐந்தாறு மணி நேரம் ஓடிவிடும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கட்டண நீச்சல் குளம் முதல் டெர்மினலில் இருக்கிறது. குடிநீர்க் குழாய் எங்கும் உண்டு; ஆனால் முதல் மூன்று டெர்மினல்களில் பாதுகாப்புச் சோதனை கேட் வாசலில்தான் நடக்கும். அதனால் புட்டியை நிரப்பிக்கொண்டு கேட்டுக்குப் போய்ப் பயனில்லை, அங்கே கொட்டச் சொல்வார்கள்.

சாங்கியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. எல்லோரும் படம் பிடித்துப் போடும் அந்த 40 மீட்டர் உள்ளரங்க அருவி, 2019இல் திறந்த ஜுவல் கட்டடத்தில் இருக்கிறது. ஜுவல் இருப்பது குடிநுழைவுக்கு வெளியே. இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் விசா இல்லாமல் அங்கே போய் நிற்க முடியாது. ஆறுதலாக, இரண்டாம் மூன்றாம் டெர்மினல்களை இணைக்கும் ஸ்கைட்ரெய்ன் அந்தக் கட்டடத்துக்குள் புகுந்து போகிறது. கண்ணாடி வழியே ஒரு பார்வை கிடைக்கும். ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கும் பயணிகளுக்கு ஏர்போர்ட் நடத்தும் இலவச ஊர்சுற்றலும் அப்படியே: சிங்கப்பூருக்குள் நுழையத் தகுதி இருந்தால்தான் பஸ்ஸில் இடம். அந்தத் தகுதிக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா போன்ற சில நாடுகளின் செல்லுபடியாகும் விசா உங்களிடம் இருந்து, மூன்றாவது நாட்டுக்குப் போகிற வழியில் இறங்கினால், 96 மணி நேரம் வரை விசா இல்லாமல் விடும் ஏற்பாடு இந்தியர்களுக்கு இருக்கிறது. மகனைப் பார்க்க சியாட்டிலுக்குப் போகும் பெற்றோரிடம் அமெரிக்க விசா இருக்கத்தான் செய்யும். அவர்களுக்குத் தேக்கா சந்தையும் லிட்டில் இந்தியாவும் எட்டக்கூடிய தூரம்தான். டிக்கெட் வாங்குவதற்கு முன்பு சிங்கப்பூர்க் குடிநுழைவுத் துறையின் தளத்தில் நிபந்தனைகளை ஒருமுறை படித்துவிடுங்கள். இறுதி முடிவு கவுண்டர் அதிகாரியுடையது.

ஊருக்குள் போக வேண்டும் என்றால் என் கை கோலாலம்பூர்ப் பக்கம்தான் நீளும், சாங்கிக்கு இருக்கும் பேரில் கால்வாசிகூட அதற்கு இல்லாவிட்டாலும். காரணம் எளிது: 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா வேண்டாம். போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையை இணையத்தில் நிரப்பினால் போதும். இந்தச் சலுகையை அவ்வப்போது நீட்டித்து வருகிறார்கள் என்பதால் தேதியைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஏர்போர்ட் நகரத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி சிப்பாங்கில் இருக்கிறது. ஆனாலும் எக்ஸ்பிரஸ் ரயில் 28 நிமிடத்தில் கே.எல். சென்ட்ரலில் இறக்கிவிடும். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் பிரிக்ஃபீல்ட்ஸ். வாழை இலைச் சாப்பாடு, மல்லிகைப் பூ, கடைப் பலகைகளில் தமிழ். விமானச் சாப்பாட்டால் நொந்த வயிற்றுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

பன்னிரண்டு மணி நேரம் பகலில் கிடைத்தால் பத்துமலையே போய் வரலாம். அதே கே.எல். சென்ட்ரலிலிருந்து கொமுட்டர் ரயில் மலையடிவாரம் வரை போகிறது. 2006இல் நிறுவிய 42.7 மீட்டர் முருகன் சிலை, பின்னால் 272 படிகள். ரயில் அடிக்கடி கிடையாது. திரும்பும் வண்டியின் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு படியேறுங்கள். தவறவிட்டால் கிராப் டாக்சி இருக்கிறது, மாலை நேர நெரிசலில் அதை நம்ப முடியாது.

கோலாலம்பூரின் குறை அதன் இரண்டு டெர்மினல்கள். ஏர் ஏஷியா இரண்டாவதிலிருந்து, மலேசியா ஏர்லைன்ஸ் முதலாவதிலிருந்து. நடுவில் ரயில் மூன்று நிமிடம்தான், ஆனால் அது குடிநுழைவுக்கு வெளியே ஓடுகிறது. திருச்சியிலிருந்து ஏர் ஏஷியாவில் வந்து வேறு நிறுவனத்துக்கு மாறுகிறவர்கள் இதற்கென்றே நாலைந்து மணி நேரம் ஒதுக்க வேண்டும். இரவில் இறங்கினால் இரண்டாம் டெர்மினலில் மூன்று மணி, ஆறு மணி என்று நேரக் கணக்கில் வாடகைக்கு விடும் கேப்சூல் படுக்கைகள் இருக்கின்றன. குறட்டைக்காரர்களுக்கு அங்கே மரியாதை குறைவு.

வளைகுடாவின் மூன்று ஏர்போர்ட்டுகளை ஒரே மூச்சில் பேசுவது வழக்கம். மூன்றும் மூன்று விதம்.

துபாய்க்குப் பலம், எந்த ஊருக்கும் அங்கிருந்து விமானம் உண்டு என்பது. அதுவே பலவீனமும்கூட. நள்ளிரவு தாண்டி ஆசிய, ஐரோப்பிய, ஆப்பிரிக்க விமானங்கள் ஒரே நேரத்தில் வந்து கூடும்போது மூன்றாம் டெர்மினலில் நாற்காலி கிடைப்பது கோயம்பேட்டில் பொங்கலுக்கு முந்தைய இரவு பஸ்ஸில் சீட் பிடிப்பதற்குச் சமம். நீண்ட காத்திருப்பு எமிரேட்ஸில் அமைந்து, அதைவிடக் குறுகிய இணைப்பும் இல்லாவிட்டால், துபாய் கனெக்ட் என்ற பெயரில் ஹோட்டல், சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் அவர்களே தருவார்கள். எல்லாக் கட்டண வகைக்கும் கிடைக்காது. கேட்காதவருக்குத் தேடி வந்து தரவும் மாட்டார்கள். பயணத்துக்குச் சில நாள் முன்பே கேட்டு உறுதி செய்யுங்கள். அது கிடைத்தால் துபாய் நல்ல தேர்வு, கிடைக்காவிட்டால் சுமார். அமெரிக்க விசாவோ கிரீன் கார்டோ உள்ள இந்தியர்களுக்கு அங்கே வந்திறங்கியபின் விசா தரும் ஏற்பாடு இருக்கிறது. மற்றவர்கள் விமான நிறுவனம் வழியாக டிரான்சிட் விசா முன்கூட்டியே வாங்கலாம். 48 மணி நேரத்துக்கு அரசுக் கட்டணம் இல்லை, 96 மணி நேரத்துக்கு 50 திர்ஹாம். மெட்ரோ ஏர்போர்ட்டுக்குள்ளேயே வருகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மட்டும் பகலில் வெளியே போகும் ஆசையை விட்டுவிடுங்கள், அந்த வெயில் சென்னை வெயிலுக்குப் பழக்கப்பட்டவருக்கும் ஆகாது.

தோஹா அமைதி. 2014இல் திறந்த ஹமத் ஏர்போர்ட்டின் நடுவில் சுவிஸ் கலைஞர் உர்ஸ் பிஷரின் ஏழு மீட்டர் மஞ்சள் கரடி தலையில் விளக்கோடு உட்கார்ந்திருக்கும். குடும்பமாகப் போகிறவர்கள் பிரிந்து சுற்றிவிட்டு மறுபடி கூடுவதற்கு இதைவிட நல்ல அடையாளம் கிடைக்காது. 2022 உலகக் கோப்பைக்கு முன்பு கட்டிய உள்ளரங்கச் சோலையும், சாய்வு நாற்காலிகள் போட்ட அமைதி அறைகளும் ஆறேழு மணி நேரத்தை வலிக்காமல் கடத்திவிடும். வெளியே போனால் சூக் வாகிஃப் சந்தை, கட்டடக் கலைஞர் ஐ.எம். பெய் வடிவமைத்த இஸ்லாமியக் கலை அருங்காட்சியகம். நண்பகலிலும் வெள்ளிக்கிழமை முற்பகலிலும் சந்தை தூங்கி வழியும்; மாலையில் போனால்தான் அழகு. இந்தியர்கள் நுழைய ஹோட்டல் முன்பதிவு போன்ற நிபந்தனைகள் உண்டு.

அபுதாபியில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். 2023 நவம்பரில் திறந்த புது டெர்மினல் பளபளப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். அதன் மதிப்பு வேறிடத்தில். அமெரிக்கா போகிறவர்களுக்கு அமெரிக்கக் குடிநுழைவுச் சோதனையை 2014 முதல் அங்கேயே முடித்துவிடுகிறார்கள். நியூயார்க்கிலோ சிகாகோவிலோ இறங்கும்போது உள்நாட்டுப் பயணி போலப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியேறலாம். பதினாலு மணி நேரம் பறந்து களைத்தபின் நீண்ட வரிசையில் நின்று ஆங்கிலத்தில் பதில் சொல்ல அஞ்சும் பெற்றோருக்கு இது பெரிய வரம். அபுதாபியில் அவசரமில்லாமல் நிதானமாகப் பதில் சொல்லிவிட்டு விமானம் ஏறலாம். அதனால் இங்கே குறுகிய லேஓவர் ஆபத்து. மூன்று மணி நேரத்துக்குக் குறையாமல் பாருங்கள். தனியாகப் பயணிக்கும் அம்மா அப்பாவுக்கு டிக்கெட் எடுப்பது என்றால், சில ஆயிரம் ரூபாய் கூடினாலும் நான் இதைத்தான் எடுப்பேன்.

ஐரோப்பாவைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. லண்டன் ஹீத்ரோவும் பிராங்க்ஃபர்ட்டும் இரண்டு மூன்று மணி நேரத்தில் மாறிப் போவதற்கான இடங்கள், இரவு தங்குவதற்கானவை அல்ல. பிராங்க்ஃபர்ட்டில் இரவு 11 முதல் காலை 5 வரை விமானங்களுக்குத் தடையே இருக்கிறது. டிரான்சிட் விசா விதிகளும் அங்கே சிக்கலானவை. அமெரிக்க, கனடா விசா உள்ளவர்களுக்கு விலக்குகள் உண்டு, மற்றவர்கள் தூதரகத் தளத்தைப் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது. ஷெங்கன் விசா ஏற்கெனவே கையில் இருந்தால் மட்டும் கதை மாறும்: பிராங்க்ஃபர்ட் நகர மையம் எஸ்-பான் ரயிலில் கால் மணி நேரம்தான். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும்.

ஆஸ்திரேலியா போகிற மதுரை, திருச்சிக்காரர்கள் மறந்துவிடுகிற ஒன்று கொழும்பு. கட்டுநாயக்க ஏர்போர்ட் சின்னது, உள்ளே எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் சுவர்தான் துணை. ஆனால் அறிவிப்புப் பலகைகளில் தமிழ் இருக்கிறது, பத்துக் கிலோமீட்டரில் நீர்கொழும்புக் கடற்கரையும் மீன் சந்தையும் இருக்கின்றன. முன்கூட்டியே இணையத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு போனால், இறாலும் சோறும் சாப்பிட்டுக் கடலில் கால் நனைத்துவிட்டுத் திரும்பலாம்.

எந்த ஊரைத் தேர்ந்தெடுத்தாலும் டிரான்சிட்டில் கைப்பையை மறுபடி சோதிப்பார்கள். சென்னையில் தப்பிய ஊறுகாயும் நெய்யும் அங்கே பெரும்பாலும் தப்பாது. 100 மில்லிக்கு மேல் உள்ளதைச் செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள். குருமாவுக்குப் போடும் கசகசாவைப் பெட்டியிலும் வைக்க வேண்டாம். அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் அது தடை செய்யப்பட்ட போதைப்பொருள் கணக்கில் சேரும். தனியே போகும் பெரியவர்களுக்கு வீல்சேர் சொல்லியிருந்தால், அவர்களை உதவி மையத்தில் உட்காரவைத்துவிட்டு நேரம் வந்ததும்தான் அழைத்துப் போவார்கள். அதனால் சாப்பாட்டுக்கும் கழிப்பறைக்கும் முதலிலேயே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு போகாது, எழுத்தும் குரல் பதிவும் போகும். இது தெரியாமல் இந்தப் பக்கம் பிள்ளைகளும் அந்தப் பக்கம் பெற்றோரும் பதறுவது வழக்கமாக நடக்கிறது. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா எல்லா இடத்திலும் சுவரில் இருப்பது தட்டையான மூன்று முள் சாக்கெட். நம் ஊர் உருண்டை முள் சார்ஜர் அதில் நுழையாது. அடாப்டர் ஒன்று கைப்பையில் இருக்கட்டும்.