வீட்டில் செய்யத்தகாத மோட்டார் ரிப்பேர்கள்

மோட்டார் வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும், பட்டறைக்குக் கொடுக்கும் கூலியை மிச்சம் பிடிக்கலாகாதா என்னும் எண்ணம் ஒரு சமயம் தோன்றுவது இயல்பே. எண்ணம் நல்லது. சிக்கனம் கூட்டுறவின் முதற் பாடம். இஞ்சின் ஆயில் மாற்றுதல், காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்தல், டயரின் காற்றளவைப் பார்த்தல், பாட்டரி முனைகளைத் துலக்குதல் ஆகியவற்றை அங்கத்தினர் தாமே செய்துகொள்வது மெச்சத்தக்கதாகும்.

ஆயினும், எல்லா ரிப்பேர்களும் ஒரே தன்மையன அல்ல. சில வேலைகளில் நேர்ந்த பிழை உடனே கண்ணுக்குத் தெரியும், திருத்திக்கொள்ளலாம். வேறு சிலவற்றில் பிழை உள்ளே ஒளிந்திருந்து, வண்டி சாலையில் ஓடும்போதுதான் வெளிப்படும். அப்பொழுது கெட்டுப்போவது, மிச்சம் பிடித்த கூலியைப்போலப் பன்மடங்கு விலையுள்ள பொருளாக இருக்கும். இந்த இரண்டாம் வகையையே கடினமான ரிப்பேர் என்று கொள்ளவேண்டும். அவற்றுள் முக்கியமானவை கீழே விளக்கப்படுகின்றன.

1. ஹெட் காஸ்கெட்

இஞ்சினின் பிளாக்குக்கும், அதன்மேல் மூடிபோல் அமைந்த ஹெட்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய தகடு உண்டு. எரியும் வாயு, ஆயில், குளிர்விக்கும் நீர் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று கலக்கவொட்டாமல் தடுப்பது இதுவே. இது பழுதுபட்டால் ஆயில் பால் கலந்த காப்பியின் நிறத்தை அடைதலும், புகைக்குழாயில் வெண்புகை ஓயாது வருதலும் உண்டு.

தகட்டின் விலை சொற்பம். வேலையோ பெரிது. கழற்றிய ஹெட் வளைந்திருக்கிறதா என்று நேர்ச்சட்டம் வைத்துச் சோதிக்கவேண்டும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வளைவும் தீங்கு செய்யவல்லது. திரும்பப் பூட்டும்போது போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, உற்பத்தியாளர் குறித்த வரிசைப்படி, பல தடவையாக, முறுக்கின் அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் கொண்டே இறுக்கவேண்டும். பல இஞ்சின்களில் பழைய போல்ட்டுகள் நீண்டுவிடுவதால் புதியவையே போடத்தக்கவை. இவற்றில் ஒன்று தவறினாலும் இஞ்சின் அன்று நன்றாகவே ஓடும். சில நாள் சூடேறிய பின்னரே தகடு மீண்டும் விட்டுப்போகும்.

2. டைமிங் பெல்ட்

கிராங்க் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றும்போது, வால்வுகளைத் திறந்து மூடும் காம் தண்டு ஒரு சுற்றுச் சுற்றுகிறது. இவ்விரண்டையும் இசைவிப்பது, சில வண்டிகளில் சங்கிலி; சில வண்டிகளில் பல் வைத்த ரப்பர் பெல்ட். பெல்ட்டை ஒரு பல் மாற்றிப் பொருத்தினாலும் இஞ்சினின் இசைவு கெடும். பல பற்கள் தவறினாலோ, ஓடும்போது பெல்ட் அறுந்தாலோ, பெரும்பாலான இக்கால இஞ்சின்களில் பிஸ்டன் வால்வில் மோதி, வால்வு வளைந்துவிடும். ஆகையால் தேர்ந்த மெக்கானிக்கும் பெல்ட் மாட்டியவுடன் இஞ்சினைக் கிளப்புவதில்லை. கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுழற்றி, குறிகள் ஒத்திருப்பதைக் கண்ட பின்னரே கிளப்புவர்.

3. தானியங்கிக் கியர் பாக்ஸ்

அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1939-ல் ஹைட்ராமாட்டிக் என்னும் தானியங்கிக் கியர் பாக்ஸை வெளியிட்டனர். அது முதல் இவ்வகை நாளுக்குநாள் நுட்பமாகி வந்திருக்கிறது. ஆயிலின் அழுத்தத்தால் கிளட்ச் தட்டுகளை இயக்கும் வால்வுத் தொகுதியில் நுண்ணிய வழிகளும், சிறு குண்டுகளும், ஸ்பிரிங்குகளும் நிறைந்துள்ளன. ஒரு தூசு அடைத்தாலும் கியர் மாறுவது கெடும். மேலும், கனத்த இப்பெட்டியை இறக்க வண்டியின் அடியிற் புகவேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியிற் புகுதல் உயிருக்கே அபாயமாகும்.

4. உடலுக்கு ஊறு தரும் வேலைகள்

இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் புதிய கார்களில் ஓட்டுநருக்கான காற்றுப்பை கட்டாயமாயிற்று. அதனுள் இருப்பது வெடித்து வாயு உண்டாக்கும் பொருள். தவறான கையாளலால் வெடித்தால் முகமும் கையும் சிதையக்கூடும். ஷாக் அப்சார்பரைச் சூழ்ந்த ஸ்பிரிங், அடக்கப்பட்ட நிலையில் நழுவினால் அம்புபோற் பாயும். 1997-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டொயோட்டா பிரியஸ் முதலான, மின்சாரமும் பெட்ரோலும் கூடிய வண்டிகளிலும், முழு மின்சார வண்டிகளிலும் செம்மஞ்சள் உறையிட்ட கம்பிகளில் நூற்றுக்கணக்கான வோல்ட் மின்சாரம் பாயும். சிறு பாட்டரியைக் கழற்றிவிட்டால் பெரிய பாட்டரியின் சக்தி அற்றுவிடும் என்று எண்ணுவது பிசகு.

அங்கத்தினர் செய்யத்தக்கவை

வெப்பமானியின் முள் ஏறினால் உடனே வண்டியை நிறுத்தவேண்டும். ஊர்போய்ச் சேரலாம் என்று ஓட்டுவதே ஹெட் காஸ்கெட் கெடுவதற்குப் பெருங்காரணம். சூடு ஆறுமுன் ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாகாது. பெல்ட் மாற்றவேண்டிய கிலோமீட்டரையும் ஆண்டையும் உற்பத்தியாளரின் கையேட்டிற் பார்த்து, ஓர் அட்டையில் எழுதி வண்டியிலேயே வைக்கவேண்டும். பட்டறையில் மதிப்பீட்டை எழுத்தில் பெற்று, கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டு வாங்கிப் பார்க்கவேண்டும். இவ்வாறு செய்பவர், கடின வேலையைத் தாமே செய்யாமலே பெருஞ்செலவைத் தவிர்ப்பர்.

டார்க் ரெஞ்ச், உறுதியான தாங்கிகள் போன்றவற்றைத் தனியொருவர் வாங்குவது சிரமம். பத்துப் பேர் சேர்ந்து சங்கத்தின் பொறுப்பில் வாங்கி வைத்தால் எளிய வேலைகளுக்கு எல்லோருக்கும் உதவும். ஆனால் கருவி பொதுவாகலாம், கைப்பழக்கம் பொதுவாகாது. கடின வேலையைத் தேர்ந்தவரிடமே ஒப்புவித்தல் தகும்.

சங்கக் கூட்டத்தில் விவாதிக்கத்தக்க வினாக்கள்

(1) பிழை உடனே தெரியும் வேலைகள் எவை? பிழை ஒளிந்திருக்கும் வேலைகள் எவை?

(2) நம் அங்கத்தினரின் வண்டிகளில் பெல்ட் உள்ளவை எவை? அவற்றை மாற்றவேண்டிய காலம் எப்பொழுது?

(3) சங்கம் பொதுவில் வாங்கத்தக்க கருவிகள் யாவை? அவற்றின் பொறுப்பை யார் ஏற்பது?