விழுந்த விசுவாசியும் இரட்சிப்பும்

"இரட்சிக்கப்பட்ட ஒருவன் கொடிய பாவமொன்றைச் செய்துவிட்டால் அவனுடைய இரட்சிப்பு என்னவாகும்?" இவ்வினா நம் மாணவர்க்குப் புதியதன்று. விடுதியில் மாலை ஜெபம் முடிந்து, விளக்கணைக்கும் வேளையில், நண்பர் இருவர் மூவர் கூடியிருக்குமிடத்து அடிக்கடி எழுவதொன்றாம். இதற்கு இருவகை மறுமொழிகள் எளிதிற் கிடைக்கும். "ஒருமுறை இரட்சிக்கப்பட்டவன் என்றும் இரட்சிக்கப்பட்டவனே, ஆதலின் அஞ்சவேண்டா" என்பர் ஒருசாரார். "ஒளியைக் கண்டபின் இருளிலே வீழ்ந்தவனுக்கு மீட்சியில்லை" என்பர் மற்றொருசாரார். முன்னது துணிந்தவனை மேலுந் துணியச்செய்யும். பின்னது நொந்தவனை மேலும் நோகச்செய்யும். வினாவைக் கேட்பவன் சிலவேளை பிறனைப்பற்றிக் கேட்பதுபோலத் தன்னைப்பற்றியே கேட்கின்றான். ஆதலால் இதனை வெறும் வாதப்பொருளாகக் கொள்ளாது, ஓர் ஆன்மாவின் வாழ்வுஞ் சாவும் பற்றியதெனக் கொண்டு ஆராய்தல் நம் கடனாகும்.

முதற்கண் ஒரு வேறுபாடு அறியற்பாலது. நாடோறும் பலவீனத்தால் நேரும் குறைகள் வேறு; அறிந்துந் துணிந்துஞ் செய்யப்படும் கொலை, விபசாரம், களவு, பொய்ச்சாட்சி, விசுவாசமறுதலிப்பு முதலிய பாதகங்கள் வேறு. ஈண்டு ஆராய்தற்குரியன பின்னவையே.

நிற்க. திருச்சபை இவ்வினாவை ஏட்டிலே படித்து அறிந்ததன்று; கண்ணீரோடு எதிர்ப்பட்டு அறிந்தது. கி.பி. 249-இல் ரோம சிங்காசனமேறிய தேசியுஸ் சக்கரவர்த்தி, குடிகள் யாவரும் தேவர்களுக்குப் பலியிட்டு, அதற்கு அதிகாரிகளிடம் அத்தாட்சிச் சீட்டுப் பெறவேண்டுமெனக் கட்டளை பிறப்பித்தான். எகிப்து நாட்டு மணலிற் புதைந்துகிடந்த அச்சீட்டுகள் நாற்பதுக்கு மேற்பட்டன இக்காலத்திற் கண்டெடுக்கப்பட்டுள்ளன. தான் எப்போதும் தேவர்களை வணங்கி வந்ததாகவும், இப்போதும் அதிகாரிகள் முன்னிலையிற் பலியிட்டு அதனை உண்டதாகவும் ஒவ்வொருவனும் அவற்றில் எழுதிக்கொடுத்தான். ரோமாபுரி அத்தியட்சராகிய பாபியான் 250-ஆம் ஆண்டு ஜனவரி 20-ஆம் தேதி இரத்தசாட்சியாக மரித்தார். ஆயின் எல்லாரும் அவ்வாறு நிலைநிற்கவில்லை. வடவாப்பிரிக்காவிலுள்ள கார்த்தேஜ் நகரில், பிடிக்கப்படுமுன்னரே பலிபீடத்துக்கு ஓடியவர் பலர். சிலர் பலியிட்டனர், சிலர் தூபமிட்டனர், சிலர் பலியிடாமலே பொருள்கொடுத்துச் சீட்டு மாத்திரம் வாங்கிக்கொண்டனர்.

உபத்திரவம் தணிந்தபின் இவர்கள் அழுதுகொண்டு சபையின் வாயிலுக்குத் திரும்பினர். அவர்களை யாது செய்வது? நாடெங்கும் இதுவே கேள்வியாயிற்று. சிறையிலிருந்து துன்பமுற்ற சாட்சிகள் சிலர், வீழ்ந்தோர்க்குச் சமாதானச் சீட்டுகளைத் தாராளமாக எழுதிக்கொடுத்தனர். அவற்றைக் காட்டி, மனஸ்தாபத்துக்குரிய அடையாளம் ஒன்றுமின்றி, உடனே திருவிருந்திற் சேர்க்கப்படவேண்டுமெனப் பலர் வற்புறுத்தினர். இதற்கு நேர்மாறாக, ரோமாபுரியில் நொவாத்தியான் என்னுங் கற்றறிந்த குரு, ஞானஸ்நானத்துக்குப்பின் விக்கிரகத்துக்குப் பலியிட்டவனைச் சேர்த்துக்கொள்ளச் சபைக்கு அதிகாரமில்லை என்றார். அவன் மரணபரியந்தம் அழட்டும், அவன் காரியத்தைத் தேவன் பார்த்துக்கொள்வார், சபையின் கதவோ திறவாது என்பது அவர் கொள்கை. 251-இல் கொர்னேலியு என்பார் ரோமாபுரிக்கு அத்தியட்சராகத் தெரிந்தெடுக்கப்பட்டபோது, அவருக்கு எதிராக நொவாத்தியானும் அத்தியட்சராக ஏற்படுத்தப்பட்டமையால் சபை பிளவுற்றது.

கார்த்தேஜ் அத்தியட்சராகிய சிப்பிரியான் இவ்விரு கரைகளுக்கும் நடுவே வழிகண்டார். அவரும் உபத்திரவகாலத்தில் ஒளிந்திருந்து நிருபங்களால் சபையை நடத்தியவர். அதுபற்றிப் பழிமொழியுங் கேட்டவர். 251-இல் அவர் கூட்டிய சங்கம் ஒவ்வொருவன் செயலையும் அதனதன் தன்மைக்கேற்ப நிறுத்துப்பார்த்தது. சீட்டு மாத்திரம் வாங்கியவர், தக்க விசாரணைக்கும் மனஸ்தாபத்துக்கும் பின்னர்ச் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். பலியிட்டவர் நெடுங்காலம் தவத்தில் நிற்கவும், மரணந் தறுவாயிற் சமாதானம் பெறவும் விதிக்கப்பட்டனர். பின்னும் ஓர் உபத்திரவம் வருமென்னும் அச்சம் எழுந்தபோது, தவத்தில் நின்ற யாவரையுஞ் சேர்த்துக்கொள்ளச் சங்கம் தீர்மானித்தது. போருக்குப் போகிறவனுக்கு ஆயுதங் கொடாது அனுப்பலாகாதென்பதே அதற்கு நியாயம். சிப்பிரியானும் 258-ஆம் ஆண்டு செப்டம்பர் 14-ஆம் தேதி வாளுக்கிரையாகிச் சாட்சி பகர்ந்தார். 325-இல் கூடிய நிசேயா சங்கமும் இவ்வழியையே பின்பற்றியது. பலவந்தமின்றி விசுவாசத்தை மறுதலித்தவர்க்கு அச்சங்கம் பன்னிரண்டாண்டுத் தவம் விதித்தது. ஆயினும், சாகுந்தறுவாயிலுள்ளவனுக்குத் திருவிருந்தை மறுக்கலாகாதெனவுங் கட்டளையிட்டது.

இவ்வரலாற்றினின்று நாம் அறியக்கிடப்பன யாவை? வீழ்ச்சி மெய்யான வீழ்ச்சியே என்பதொன்று. அதனை ஒருவருஞ் சிறிதென்று கூறவில்லை. அழுது வருபவனுக்கு வாயில் உண்டு என்பது மற்றொன்று. மூன்றாவதாக, தேவசமாதானம் ஒரு சீட்டினாற் பெறப்படுவதன்று என்பதும் விளங்கும். அதிகாரியின் சீட்டை வாங்கி உயிரைக் காத்துக்கொள்ள எண்ணினவனே, பின்னர்ச் சாட்சியின் சீட்டை வாங்கி ஆன்மாவைக் காத்துக்கொள்ள எண்ணினான். நம்மிலும் அத்தகையோர் இல்லையோ? தான் மனந்திரும்பிய நாளைக் குறிப்பேட்டில் எழுதி, அதனையே சீட்டுப்போல மடித்துவைத்துக்கொண்டு, பாவத்தில் அச்சமின்றி நடப்பவன் கார்த்தேஜ் நகரத்தானுக்கு எவ்விதத்தில் வேறானவன்?

பிற்காலத்தில் இப்பொருள்பற்றிச் சபைகள் வெவ்வேறு விதமாகப் போதிக்கலாயின. திரிதெந்து சங்கம் 1547-இல், சாவான பாவத்தால் விசுவாசம் அழியாவிடினும் கிருபை இழக்கப்படும் என்றும், பாவசங்கீர்த்தனத்தால் அது மீளப் பெறப்படும் என்றுந் தீர்மானித்தது. லுத்தர் சபையாரின் ஆக்ஸ்பர்க் அறிக்கை 1530-இல், வீழ்ந்தவன் எப்பொழுது மனந்திரும்பினாலும் மன்னிப்புண்டு எனக் கூறி நொவாத்தியானுடைய கொள்கையை மறுத்தது. நீதிமானாக்கப்பட்டவன் பரிசுத்த ஆவியை இழத்தல் கூடாதென்பாரையும் உடன் மறுத்தது. 1618 முதல் 1619 வரை ஒல்லாந்து தேசத்து டார்ட் நகரிற் கூடிய சங்கமோ, தெரிந்துகொள்ளப்பட்டவர் தாவீதைப்போலவும் பேதுருவைப்போலவும் கொடிதாக வீழ்தல் கூடுமாயினும், தேவன் அவர்களை முற்றுங் கைவிடாது மனந்திரும்பப் பண்ணுவார் என்றது. ஜான் வெஸ்லி 1751-இல் இதனை மறுத்து, மெய்விசுவாசியும் இறுதியாக விழுந்துபோகக்கூடும் என்று எழுதினார்.

இவை ஒன்றோடொன்று முரணுவனபோலத் தோன்றினும், விழுந்தவன் இன்று செய்யவேண்டுவது யாதென்னுமிடத்து எல்லாம் ஒன்றுபடுகின்றன. பாவத்திலே நிலைத்திருக்கிறவனுக்கு ஆறுதல் கூறுவாரில்லை. மெய்யாக மனந்திரும்புகிறவனை நம்பிக்கையிழக்கச் சொல்வாருமில்லை. டார்ட் சங்கத்தார் தாமும், அத்தகைய பாவம் ஆவியானவரைத் துக்கப்படுத்தி, மனச்சாட்சியைக் காயப்படுத்தி, கிருபையின் உணர்ச்சியைச் சிலகாலம் மறைத்துவிடுமென எச்சரித்தனர். இதனை ஓர் உவமையால் விளக்குவாம். ஆற்றிலே நீர் குறைவின்றி ஓடுகின்றது. ஒருவன் தன் வயலின் மடையைத் தானே அடைத்துவிட்டான். ஆறு வற்றவில்லை, வயலோ வறள்கின்றது. பயிர் வேரோடு மாளுமோ, மாளாது தேவன் காப்பாரோ என்பதே சபைகளுக்குள் நிகழும் வாதம். ஆயின் வாடுகிற பயிரைக் கண்டும் வாதம் முடியட்டுமெனக் காத்திருக்கும் உழவனும் உண்டோ? மடையை இன்றே திறப்பவனே அறிவுடையான்.

வேதாகமத்திற் காணும் இரு வரலாறுகளும் இதனை வலியுறுத்தும். தாவீது, உரியாவின் மனைவியைக் கவர்ந்து அவனையும் போரிலே மடிவித்தான். நாத்தான் வந்து உணர்த்தியபோது அரசன் தன் பாவத்தை ஒத்துக்கொண்டான். மன்னிப்பும் உடனே கூறப்பட்டது. ஆயினும் பிள்ளை இறந்தது. பட்டயம் அவன் வீட்டைவிட்டு நீங்கவில்லை. மன்னிப்பு மெய்யே, விளைவும் மெய்யே. அவ்வாறே, யூதாசும் பேதுருவும் ஒரே இரவில் ஒரே ஆண்டவருக்குத் துரோகமிழைத்தனர். இருவரும் மனம் வருந்தினர். யூதாசு முப்பது வெள்ளிக்காசையுந் திருப்பிக் கொடுத்தான். பின்னை வேறுபாடு எங்கே? யூதாசு தன் துயரத்தை ஆசாரியரிடங் கொண்டுசென்றான். அவர்கள் அது தங்களுக்கு என்னவென்று கைவிட்டனர். பேதுருவோ அழுத கண்ணோடு சீஷர் நடுவே தங்கினான். கடற்கரையிலே ஆண்டவரைக் கண்டவுடன் தண்ணீரிற் குதித்து அவரிடம் விரைந்தான். மும்முறை மறுதலித்த வாயே மும்முறை அன்பை அறிக்கையிடும்படி ஆண்டவர் கேட்டார். புண் இருந்தவிடத்திலேயே மருந்து வைக்கப்பட்டதன்றோ? எபிரெயர் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்திலுள்ள கடுமையான எச்சரிக்கையைக் கண்டு கலங்குவோர், அதனை எழுதியவரே சில வசனங்களுக்குப்பின் தம் வாசகரைக்குறித்து நல்ல நம்பிக்கை கூறுவதையும் சேர்த்து வாசிப்பாராக. அவ்வெச்சரிக்கை அழுது வருபவனைத் துரத்துதற்கன்று. அஞ்சாது போகிறவனை நிறுத்துதற்கே.

ஆகவே, மாணவ நண்பர்களே, நம்மில் ஒருவன் வீழ்ந்துவிடின், "நான் இரட்சிக்கப்பட்டவனோ அல்லேனோ" என்று இருளிலே கணக்கிட்டுக்கொண்டிராது, எழுந்து தந்தையிடஞ் செல்வானாக. தாமதமின்றிப் பாவத்தைத் தேவன்முன் அறிக்கையிடுக. கவர்ந்த பொருளைத் திருப்பிக் கொடுக்க. பொய்யாற் கெடுத்த பெயரை மெய்யாற் சீர்ப்படுத்துக. தனியே சுமக்கவியலாத பாரமாயின், நம்பிக்கைக்குரிய போதகரொருவரிடம் மனந்திறந்து பேசுக.

வீழாதவர்க்கும் ஒரு சொல். நிசேயா சங்கத்துக்கு வந்திருந்த நொவாத்தியான் கட்சி அத்தியட்சராகிய அகேசியு, கொடும்பாவஞ் செய்தோரைத் திருவிருந்திற் சேர்க்கலாகாதென்று வாதித்தார். அதுகேட்ட கான்ஸ்டன்டைன் சக்கரவர்த்தி, அங்ஙனமாயின் ஏணியொன்றை நிறுத்தித் தனியே பரலோகம் ஏறிக்கொள்ளும்படி அவரை நோக்கிக் கூறியதாகச் சபைச்சரித்திர ஆசிரியராகிய சாக்ரட்டீசு எழுதியுள்ளார். விழுந்த தோழனை நாம் ஏளனஞ் செய்யும்போதெல்லாம் அவ்வேணியையே தேடுகின்றோம். தனியே ஏறும் ஏணி ஒன்றும் இல்லை. கைகொடுத்துத் தூக்குவோரும் தூக்கப்படுவோருமாகச் சேர்ந்து நடப்பதற்கு வழி உண்டு. அவ்வழியிலே ஆண்டவர் நம்மனைவரையும் நிலைநிறுத்துவாராக.