மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் டீபக்கரை இணைப்பது எப்படி?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் டைப்பிங், இன்டர்நெட், கேம்ஸ் என்று பொழுது போகும். அவை பழகிய பிறகு, நாமே ஏதாவது செய்து பார்க்கலாமே என்ற ஆசை வரும். அப்படி ஆசைப்படுபவர்கள் பலர் இன்று கையில் எடுப்பது சின்னஞ்சிறு மைக்ரோகன்ட்ரோலர் போர்டைத்தான். சிறிய புரோகிராம் ஒன்றை எழுதி, யுஎஸ்பி கேபிள் வழியாக போர்டில் ஏற்றினால் எல்இடி மின்னும், மோட்டார் சுழலும்.

சில நேரம் எதுவுமே நடக்காது. போர்டில் மானிட்டர் கிடையாது; எர்ரர் மெசேஜும் வராது. "போர்டு போய்விட்டது" என்று முடிவு கட்டி, புது போர்டு வாங்குபவர்கள் உண்டு. போர்டு உண்மையிலேயே கெட்டுவிட்டதா, அல்லது புரோகிராம்தான் எங்காவது சிக்கி நிற்கிறதா? இதை ஊகிக்காமல் நேரில் பார்த்துச் சொல்லும் கருவிதான் ஹார்டுவேர் டீபக்கர். அதைக் குறைந்த செலவில் இணைக்கும் முறையை இங்கே பார்ப்போம்.

டீபக்கர் என்ன செய்கிறது?

போர்டில் உள்ள சிப், புரோகிராமின் கட்டளைகளை ஒரு நொடிக்குப் பல லட்சக்கணக்கில் செய்து முடிக்கிறது. நம் கண்ணுக்கு எதுவும் தெரியாது. டீபக்கர் அந்த ஓட்டத்தை நாம் சொல்லும் இடத்தில் நிறுத்தும். புரோகிராம் இப்போது எந்த வரியில் நிற்கிறது, எந்த மாறியில் என்ன மதிப்பு உள்ளது என்பதைக் கம்ப்யூட்டர் திரையில் காட்டும். பிறகு ஒவ்வொரு வரியாக நகர்த்தும்.

இதற்கான மின்சுற்று சிப்பின் உள்ளேயே தனியாக அமைந்துள்ளது. எனவே நம் புரோகிராம் சிக்கி நின்றாலும் டீபக்கர் உள்ளே நுழைந்து பார்க்க முடியும். ஆர்ம் வகை சிப்களில் இதற்கு 'சீரியல் வயர் டீபக்', சுருக்கமாக எஸ்டபிள்யூடி என்ற முறை பயன்படுகிறது. ஒரு கிளாக் வயர், ஒரு டேட்டா வயர், ஒரு கிரவுண்ட் வயர் ஆகிய மூன்று வயர்களே இதற்குப் போதும்.

எந்த போர்டு?

நாம் எடுத்துக்கொள்வது ராஸ்பெர்ரி பை பிக்கோ. 2021 ஜனவரியில் 4 டாலர் விலையில் வெளிவந்தது. இதில் உள்ள ஆர்பி2040 சிப்பில் இரண்டு ஆர்ம் கார்டெக்ஸ் எம்0+ கோர்களும் 264 கேபி ரேமும் உள்ளன. போர்டில் 2 எம்பி ஃபிளாஷ் மெமரி இருக்கிறது.

இந்த போர்டில் ஒரு வசதி உண்டு. ஒரு பிக்கோவையே இன்னொரு பிக்கோவுக்கு டீபக்கராக மாற்றிவிடலாம். இதற்காக விலை அதிகமான கருவி தேவையில்லை. தனிக் கருவிதான் வேண்டும் என்பவர்களுக்கு 2023 பிப்ரவரியில் 12 டாலர் விலையில் வெளிவந்த ராஸ்பெர்ரி பை டீபக் புரோப் உள்ளது. அதைப் பயன்படுத்தினால் கீழே உள்ள முதல் ஸ்டெப்பை விட்டுவிடலாம். வயர்களை மட்டும் அதனுடன் வரும் குறிப்பைப் பார்த்து இணைக்க வேண்டும்.

தேவையானவை

இரண்டு பிக்கோ போர்டுகள், டேட்டா செல்லும் மைக்ரோ யுஎஸ்பி கேபிள் ஒன்று, சில குட்டையான ஜம்பர் வயர்கள், விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள கம்ப்யூட்டர். சார்ஜ் மட்டும் செய்யும் கேபிள் உதவாது.

சாதாரண பிக்கோ, பின்கள் பொருத்தப்படாமல் வரும். பின்களை சால்டர் செய்துகொள்ள வேண்டும். துளையில் வயரைச் சும்மா செருகி வைத்தால் இணைப்பு விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். சால்டரிங் பழக்கமில்லாதவர்கள் பின்களுடன் வரும் பிக்கோ ஹெச் வாங்கலாம். அதில் டீபக் இணைப்பு மட்டும் சிறிய மூன்று முனை சாக்கெட்டாக இருக்கும்; அதற்கேற்ற கேபிளையும் கேட்டு வாங்குங்கள்.

குழப்பம் வராமல் இருக்க, ஒன்றை 'டீபக்கர் போர்டு' என்றும் மற்றதை 'சோதனை போர்டு' என்றும் அழைப்போம். டீபக்கர் போர்டில் சிறிய ஸ்டிக்கர் ஒட்டி வைப்பது நல்லது.

ஸ்டெப் 1: டீபக்கர் போர்டைத் தயார் செய்தல்

1. ராஸ்பெர்ரி பை நிறுவனத்தின் கிட்ஹப் பக்கத்தில் 'டீபக்புரோப்' என்ற தலைப்பின் ரிலீஸ் பகுதிக்குச் செல்லுங்கள். யூஎஃப்2 வகை ஃபைல்கள் இருக்கும். அவற்றில் பெயர் 'ஆன் பிக்கோ' என்று முடியும் ஃபைலை டவுன்லோடு செய்யுங்கள். அந்தச் சொற்கள் இல்லாத ஃபைல், 12 டாலர் கருவிக்கு உரியது.

2. போர்டில் உள்ள பூட்செல் பட்டனை அழுத்திப் பிடித்தபடி யுஎஸ்பி கேபிளைக் கம்ப்யூட்டரில் செருகுங்கள். பிறகு பட்டனை விடுங்கள். பென் டிரைவ் போல ஒரு புதிய டிரைவ் திரையில் தோன்றும்.

3. டவுன்லோடு செய்த ஃபைலை அந்த டிரைவில் காப்பி செய்யுங்கள். காப்பி முடிந்ததும் டிரைவ் தானாக மறைந்துவிடும். பயப்பட வேண்டாம், போர்டு டீபக்கராக மாறி மீண்டும் இயங்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். டிவைஸ் மேனேஜரைத் திறந்து பார்த்தால் புதிய காம் போர்ட் ஒன்று சேர்ந்திருக்கும்.

ஸ்டெப் 2: வயர்களை இணைத்தல்

கேபிளைக் கழற்றிவிட்டு இந்த வேலையைச் செய்யவும். போர்டின் யுஎஸ்பி முனை மேலே இருக்கும்படி வையுங்கள். இடது பக்கம் மேலிருந்து கீழாக 1 முதல் 20 வரையும், வலது பக்கம் கீழிருந்து மேலாக 21 முதல் 40 வரையும் பின்கள் எண்ணப்படும். சோதனை போர்டின் கீழ் ஓரத்தில் மூன்று டீபக் பின்கள் தனியாக இருக்கும். இடது ஓரத்தில் கிளாக், நடுவில் கிரவுண்ட், வலது ஓரத்தில் டேட்டா.

டீபக்கர் போர்டின் 3ஆம் பின் (கிரவுண்ட்) - சோதனை போர்டின் நடு டீபக் பின்

டீபக்கர் போர்டின் 4ஆம் பின் (ஜிபி2) - சோதனை போர்டின் கிளாக் பின்

டீபக்கர் போர்டின் 5ஆம் பின் (ஜிபி3) - சோதனை போர்டின் டேட்டா பின்

டீபக்கர் போர்டின் 39ஆம் பின் (விசிஸ்) - சோதனை போர்டின் 39ஆம் பின்

நான்காவது வயர் சோதனை போர்டுக்கு மின்சாரம் தருவதற்காக. அது இருந்தால் ஒரே யுஎஸ்பி கேபிள் போதும். சோதனை போர்டைத் தனி கேபிளில் இயக்குவதானால் இந்த வயர் வேண்டாம். ஆனால் கிரவுண்ட் வயர் எப்போதும் இருக்க வேண்டும். இரண்டு போர்டுகளும் 'பூஜ்யம் வோல்ட்' என்று எதைக் கருதுவது என ஒத்துப்போனால்தான் மற்ற இரு வயர்களில் செல்லும் சிக்னலுக்கு அர்த்தம் இருக்கும்.

பிக்கோ டபிள்யூ போர்டு வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். அதில் டீபக் பின்கள் ஓரத்தில் இல்லை, போர்டின் நடுப்பகுதியில் உள்ளன. அந்த போர்டுக்கான பின் படத்தைப் பார்த்து இணையுங்கள்.

ஸ்டெப் 3: சாஃப்ட்வேர்

மைக்ரோசாஃப்ட்டின் இலவச எடிட்டரான விஷுவல் ஸ்டுடியோ கோடை இன்ஸ்டால் செய்யுங்கள். அதன் எக்ஸ்டென்ஷன்ஸ் பகுதியில் 'ராஸ்பெர்ரி பை பிக்கோ' என்று தேடி, அந்த நிறுவனமே வெளியிட்டுள்ள எக்ஸ்டென்ஷனைச் சேருங்கள். இடது பக்கப் பட்டையில் புதிய ஐகான் தோன்றும். அதை கிளிக் செய்து, உதாரணங்களில் இருந்து புதிய புராஜெக்ட் தொடங்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். 'பிளிங்க்' என்ற உதாரணத்தையும் உங்கள் போர்டின் வகையையும் குறிப்பிடுங்கள். டீபக்கர் எது என்று கேட்கும் இடத்தில் 'டீபக்புரோப்' என்பதைத் தேர்வு செய்யுங்கள். முதல் முறை தேவையான ஃபைல்கள் இன்டர்நெட்டில் இருந்து இறங்க நேரம் பிடிக்கும். பொறுமையாக இருங்கள்.

இது சி மொழிக்கான முறை. மைக்ரோபைத்தானில் எழுதுபவர்களுக்கு இந்த டீபக்கர் தங்கள் பைத்தான் வரிகளைக் காட்டாது.

ஸ்டெப் 4: நிறுத்திப் பார்த்தல்

பட்டியலில் உள்ள 'டீபக் புராஜெக்ட்' என்பதை கிளிக் செய்யுங்கள். புரோகிராம் போர்டில் ஏறி, மெயின் பகுதியின் தொடக்கத்தில் நின்றுவிடும். நிற்கும் வரி மஞ்சள் நிறத்தில் தெரியும். இனி ஓட்டம் உங்கள் கையில்.

எஃப்5 - ஓட்டத்தைத் தொடர
எஃப்6 - ஓடுவதை நிறுத்த
எஃப்9 - கர்சர் உள்ள வரியில் பிரேக்பாயின்ட் வைக்க
எஃப்10 - ஒரு வரி மட்டும் நகர

பிரேக்பாயின்ட் வைத்த வரியை அடையும் ஒவ்வொரு முறையும் புரோகிராம் நிற்கும். இந்த சிப்பில் ஒரு கோருக்கு நான்கு ஹார்டுவேர் பிரேக்பாயின்ட்கள்தான் உண்டு. எனவே தேவையான இடத்தில் மட்டும் வையுங்கள். புரோகிராமை மாற்றி மீண்டும் ஏற்ற இனி பூட்செல் பட்டனை அழுத்தி கேபிளைக் கழற்றி மாட்ட வேண்டியதில்லை. எல்லாம் இந்த வயர்கள் வழியாகவே நடக்கும்.

எரியாத எல்இடி: காரணம் கண்டுபிடிப்போம்

பிளிங்க் புரோகிராமை ஏற்றியும் எல்இடி எரியவில்லை என்று வைத்துக்கொள்வோம். எல்இடியை எரிய வைக்கும் வரியில் ஒரு பிரேக்பாயின்ட் வைத்து எஃப்5 அழுத்துங்கள்.

அங்கே வந்து நிற்கிறதா? மீண்டும் எஃப்5 அழுத்துங்கள். திரும்பவும் அதே வரிக்கு வருகிறதா? அப்படியானால் போர்டு உயிருடன் இருக்கிறது, புரோகிராமும் சரியாகச் சுற்றி வருகிறது. தவறு வேறு இடத்தில். பிக்கோ டபிள்யூவில் இது அடிக்கடி நடக்கும். சாதாரண பிக்கோவில் எல்இடி, சிப்பின் ஜிபி25 பின்னுடன் நேரடியாக இணைந்துள்ளது. பிக்கோ டபிள்யூவில் அது வயர்லெஸ் சிப்புடன் இணைந்துள்ளது. புராஜெக்ட் தொடங்கும்போது போர்டு வகையை 'பிக்கோ' என்று கொடுத்திருந்தால் புரோகிராம் ஓடும், எல்இடி எரியாது. 'ஸ்விட்ச் போர்டு' மூலம் வகையை மாற்றி மீண்டும் கம்பைல் செய்தால் தீர்ந்தது.

பிரேக்பாயின்ட்டுக்கு வரவே இல்லையா? எஃப்6 அழுத்தி, புரோகிராம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உதாரணமாக, கம்ப்யூட்டரில் சீரியல் விண்டோ திறக்கும் வரை காத்திருக்கும்படி நீங்களே எழுதிய வரியில் அது நின்றுகொண்டிருக்கலாம். இரண்டு நிலையிலும் புது போர்டு தேவையில்லை என்பதைக் கவனியுங்கள்.

இணைப்பு கிடைக்கவில்லையா?

திரையில் வரும் செய்தியை அவசரமாக மூடாமல் படியுங்கள். சிஎம்எஸ்ஐஎஸ்-டாப் சாதனத்தைக் காணவில்லை என்று வந்தால், கோளாறு கம்ப்யூட்டருக்கும் டீபக்கர் போர்டுக்கும் இடையில். கேபிளையும், ஸ்டெப் 1இல் ஏற்றிய ஃபைலையும் பாருங்கள். டீபக்கர் கிடைத்தது, ஆனால் ஆர்பி2040 உடன் இணைய முடியவில்லை என்று வந்தால், கோளாறு இரண்டு போர்டுகளுக்கும் இடையில். கிளாக், டேட்டா வயர்கள் இடம் மாறியிருக்கலாம், கிரவுண்ட் விட்டுப்போயிருக்கலாம், சோதனை போர்டுக்கு மின்சாரம் வராமல் இருக்கலாம். எல்லாம் சரியாக இருந்தும் விட்டுவிட்டு இணைந்தால் குட்டையான வயர்களுக்கு மாறுங்கள். எக்ஸ்டென்ஷனின் லாஞ்ச் செட்டிங்கில் 5000 கிலோஹெர்ட்ஸ் என்றுள்ள வேகத்தை 1000 ஆகக் குறைத்தும் பார்க்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகள்

பிக்கோவின் பின்கள் 3.3 வோல்ட்டில் இயங்குபவை. 5 வோல்ட்டில் இயங்கும் ஆர்டுயினோ ஊனோ ஆர்3 போன்ற போர்டுடன் இதே வயர்களை இணைக்க வேண்டாம். அதன் டீபக் முறையே வேறு; பிக்கோவும் பழுதாகலாம்.

அடுத்து, டீபக்கர் நிறுத்துவது புரோகிராமை மட்டும்தான். பின்னில் அந்த நொடியில் இருந்த மின்னழுத்தம் அப்படியே நீடிக்கும். எரிந்துகொண்டிருந்த எல்இடி எரிந்துகொண்டே இருக்கும். அதனால் கெடுதல் இல்லை. அதே இடத்தில் ஹீட்டரோ மோட்டாரோ இருந்தால், அணைக்கும் வரிக்குப் போகாமலே அது ஓடிக்கொண்டிருக்கும். அத்தகைய சாதனங்களைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு எல்இடியையும் ரெசிஸ்டரையும் இணைத்து டீபக் செய்யுங்கள்.

முதலில் ஒழுங்காக ஓடும் பிளிங்க் புரோகிராமிலேயே நிறுத்தி, நகர்த்திப் பழகுங்கள். சரியான ஓட்டம் எப்படி இருக்கும் என்று தெரிந்திருந்தால், தவறான ஓட்டத்தை அடையாளம் காண்பது எளிது.